வாடகை கட்டாதவரைச் சட்டப்படி வெளியேற்றுவது எப்படி? ஒப்பந்தம் முடிந்த தாமான் வீடு, சுங்கை சிப்புட்

தாமான்வாசி
10 செப்டம்பர் 2025

வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதி) எங்கள் வீடு, ஒற்றை மாடி டெரஸ். வாடகை மாதம் 600 வெள்ளி (ரிங்கிட்), 1ஆம் தேதி தொடங்கி மாதக் கடைசி வரை கணக்கு. ஒப்பந்தம் 2024 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. வீட்டுக்காரர் என்று கையெழுத்துப் போட்டது அம்மா. ஸ்டாம்பிங் (முத்திரை வரி கட்டுவது) செய்யவில்லை. அதற்குப் பிறகு புதுக் காகிதம் எதுவும் எழுதவில்லை, அவர்கள் அப்படியே இருந்து வாடகை கட்டி வந்தார்கள். ஜூன் மாதத்திலிருந்து ஒரு காசு வரவில்லை. இந்த மாதத்தோடு நான்கு மாத பாக்கி, 2,400 வெள்ளி. கரண்டுக் கணக்கு இன்னும் எங்கள் பெயரில்தான் இருக்கிறது, அதில் 740 வெள்ளி நிற்கிறது. எங்கள் கையில் உள்ள டெப்பாசிட் 1,200, கரண்டு தண்ணீருக்கு வாங்கியது 300.

கேட்டால், "டெப்பாசிட்டில் கழித்துக்கொள்ளுங்கள், தீபாவளி முடியட்டும்" என்கிறார். வீட்டில் இப்போது தோட்டத்தில் வேலை செய்யும் வெளிநாட்டுக்காரர்கள் நான்கு பேரும் தங்கியிருக்கிறார்கள், எங்களைக் கேட்கவில்லை.

பூட்டை மாற்றலாமா? கரண்டை நிறுத்தச் சொல்லலாமா? போலீசுக்குப் போனால் உதவுவார்களா? நோட்டீஸ் எத்தனை நாளுக்குக் கொடுக்க வேண்டும்? வீட்டுக் கிரான் (உரிமைப் பத்திரம்) காலமான அப்பா பெயரிலேயே இருக்கிறது, அது தடையாகுமா? அம்மாவுக்கு அலைய முடியாது, மகன் நான் அவருக்காகக் கோர்ட்டில் பேசலாமா?

---

கோப்புக்கட்டு
10 செப்டம்பர் 2025

தம்பி, பூட்டைத் தொடாதீர்கள். அதில் கை வைத்தால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு அவர் பக்கம் போய்விடும்.

1950ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம், மலாயில் அக்தா ரெலிஃப் ஸ்பெசிஃபிக். அதன் 7ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு உங்கள் நிலைமைக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கும். வாடகை உறவு முடிந்துவிட்டாலும், இருப்பவர் வீட்டை விடாமல் இருந்தால், நீதிமன்ற நடவடிக்கை மூலமாக மட்டுமே வீட்டைத் திரும்பப் பெற வேண்டும், வேறு வழியில் கூடாது என்கிறது. பாக்கி எவ்வளவு என்பதைப் பற்றி அந்தப் பிரிவு பேசவே இல்லை. நான்கு மாதமானாலும் பதினான்கு மாதமானாலும் ஒன்றுதான். அடுத்த 8ஆம் பிரிவு, சட்ட வழியில்லாமல் வெளியேற்றப்பட்டவர் வழக்குப் போட்டுத் திரும்பக் குடியேறலாம் என்று சொல்கிறது. பூட்டை மாற்றினால் நஷ்டஈடு கேட்டு அவர் உங்கள் மேல் வழக்குப் போடுவார், "உள்ளே இருந்த தங்கச் சங்கிலியைக் காணோம்" என்ற பேச்சும் சேர்ந்து வரும். அவர் இல்லாத நேரத்தில் உள்ளே போய்ச் சாமானை எடுத்து வெளியில் வைத்தால் தண்டனைச் சட்டம் 448, அத்துமீறி வீட்டுக்குள் நுழைதல் என்று போலீஸ் ரிப்போர்ட் வரலாம்.

கரண்டும் தண்ணீரும் இதே கணக்குதான். கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால் டிஎன்பியில் (மின்சார நிறுவனம்) மூடச் சொல்லி மனுக் கொடுக்க முடியும். ஆனால் ஆள் குடியிருக்கும்போது அதைச் செய்தால், வெளியேற்றுவதற்காகவே வெட்டினீர்கள் என்று நீதிமன்றம் பார்க்கும். 740 வெள்ளியைக் கட்டிவிட்டு ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அது பிறகு அவரிடம் கேட்கும் தொகையில் சேரும்.

போலீசைப் பொறுத்தவரை, இது சிவில் வழக்கு என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் சொல்வது சரிதான். மிரட்டல், சேதம் என்று ஏதாவது நடந்தால் மட்டும் ரிப்போர்ட் செய்து வையுங்கள், தேதியோடு ஒரு பதிவாக நிற்கும்.

இனி நோட்டீஸ். வாடகை வீடுகளுக்கென்று மலேசியாவில் இன்னும் தனிச் சட்டம் அமலில் இல்லை, மசோதா தயாரிப்பிலேயே இருக்கிறது. ஆகவே ஒப்பந்தச் சட்டம், நிலச் சட்டம், பழைய தீர்ப்புகள் இவற்றை வைத்துத்தான் பார்க்கிறோம். உங்கள் ஒப்பந்தம் டிசம்பர் 31இல் முடிந்தது. பிறகு மாதாமாதம் வாடகை வாங்கினீர்கள். ஆகவே இப்போது இருப்பது மாத வாடகை உறவு. அதை முடிக்கக் காரணம் சொல்லத் தேவையில்லை, முழு ஒரு மாத நோட்டீஸ் போதும். பழைய ஒப்பந்தத்தில் இரண்டு மாத நோட்டீஸ் என்று இருந்தால் அதையே கொடுத்துவிடுங்கள், அப்போது வாதாட இடமிருக்காது.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். முழு மாதம் என்றால் முப்பது நாள் என்று எண்ணி, 15ஆம் தேதி கொடுத்து அடுத்த 15ஆம் தேதி காலி செய்யச் சொல்வார்கள். அந்த நோட்டீஸ் செல்லாது என்று எதிர்த்தரப்பு லாயர் முதல் நாளே எடுத்துவைப்பார். உங்கள் வாடகை மாதம் 1ஆம் தேதி தொடங்குகிறது. ஆகவே நோட்டீஸ் அவர் கையில் செப்டம்பர் 30க்குள் கிடைத்திருக்க வேண்டும், முடியும் தேதி அக்டோபர் 31 ஆக இருக்க வேண்டும். அக்டோபர் 2ஆம் தேதி போய்ச் சேர்ந்தால் முடியும் தேதி நவம்பர் 30க்குத் தள்ளிப்போகும். இந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20. அவர் கேட்ட தீபாவளியும் இதற்குள் வந்துவிடுகிறது, அதையே கனிவோடு சொல்லிக் கொடுக்கலாம்.

பாக்கிக் கடிதமும் காலி செய்யும் நோட்டீசும் இரண்டு தனித்தனிக் காகிதங்களாக இருக்கட்டும். ஒன்றில், ஜூன் முதல் செப்டம்பர் வரை மாதம் 600 வீதம் 2,400, டிஎன்பி 740, பதினான்கு நாளில் கட்டவும். மற்றதில், மாத வாடகை உறவு 2025 அக்டோபர் 31ஆம் தேதியோடு முடிகிறது, அன்று வீட்டையும் சாவியையும் ஒப்படைக்கவும், அதற்குப் பிறகு இருந்தால் இரட்டை வாடகை. இரண்டையும் கலந்து "பாக்கியைக் கட்டாவிட்டால் காலி செய்யுங்கள்" என்று எழுதினால், அது நிபந்தனை வைத்த நோட்டீசாகிவிடும். அவர் அக்டோபர் 30இல் பாக்கியைக் கட்டிவிட்டு, நிபந்தனை தீர்ந்தது என்று உட்கார்ந்துகொள்வார்.

இரட்டை வாடகை நீங்களாகக் கற்பித்துக்கொண்ட அபராதம் இல்லை. 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம், 28ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு. வாடகை உறவு முடிந்தபின் வீட்டை விடாதவரிடம், விடும் நாள் வரை வீட்டுக்காரர் இரண்டு மடங்கு கேட்கலாம். உங்கள் கணக்கில் நவம்பர் 1 முதல் மாதம் 1,200.

கையெழுத்து அம்மா போட வேண்டும், ஒப்பந்தத்தில் அவர் பெயர்தானே இருக்கிறது. மலாயில் எழுதுங்கள், நாளைக்குக் கோர்ட்டில் மொழிபெயர்ப்புச் செலவு மிஞ்சும்.

---

பேராக்_அக்கா
11 செப்டம்பர் 2025

மேலே சொன்னது சரி. நோட்டீஸ் கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "எனக்குக் கிடைக்கவில்லை" என்பதுதான் நீதிமன்றத்தில் முதலில் வரும் பதில்.

இரண்டு பிரதி எடுத்து நேரில் கொடுங்கள், உங்கள் பிரதியில் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். போட மறுத்தால் சண்டை வேண்டாம். அதே நாளில் போஸ் மலேசியாவில் ஏஆர் (ஒப்புகை அட்டையோடு) ரெஜிஸ்டர் தபாலில் அந்த வீட்டு முகவரிக்கே அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் வேறு முகவரி இருந்தால் அதற்கும் ஒன்று. கூடவே ஒரு பிரதியைக் கிரில் கதவில் ஒட்டி, கதவு எண் தெரியும்படி படம் எடுங்கள். ஒட்டும்போது வீட்டாள் அல்லாத ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், பிறகு சாட்சி சொல்ல உதவும். வாட்சாப்பில் படமாக அனுப்புவதும் நல்லதுதான், நீல டிக் விழுந்தால் அதையும் படம் பிடியுங்கள். ஆனால் ஒப்பந்தத்தில் வாட்சாப் செல்லும் என்று எழுதாதபோது அதை மட்டும் நம்பாதீர்கள்.

தபால் வாங்கப்படாமல் "தீடாக் டித்துந்துத்" (கோரப்படவில்லை) என்று முத்திரை குத்தி உங்களிடமே திரும்பி வரலாம். அந்த உறையைத் திறக்காதீர்கள். ஒட்டியது ஒட்டியபடியே கோப்பில் வையுங்கள். உள்ளே என்ன இருந்தது என்பதை நீதிமன்றத்தில் திறந்துகாட்டும்போதுதான் அதற்கு மதிப்பு.

அடுத்து ஸ்டாம்பிங். 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. வழக்குக்கு முன் செய்துவிடுங்கள், ஒன்றும் பெரிய தொகை இல்லை. 2024 ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகை 7,200இல் 2,400 கழித்து மீதி 4,800, ஒவ்வொரு 250க்கும் அல்லது அதன் பகுதிக்கும் 1 வெள்ளி, ஆக 20 வெள்ளி. தாமதத்துக்கு அபராதம் 100. இரண்டாம் பிரதிக்கு 10. வருமான வரி வாரியத்தின் மைடேக்ஸ் இணையத்தில் செய்யலாம். 2025 ஜனவரி 1 முதல் அந்த 2,400 கழிவு எடுபட்டுவிட்டது. இப்போது புதிதாக எழுதினால் இதே வீட்டுக்கு ஓராண்டுக்கு 29 வெள்ளி, இரண்டாண்டு ஒப்பந்தம் என்றால் 250க்கு 3 வீதம் 87 வெள்ளி. கையெழுத்தான 30 நாளுக்குள் செய்தால் அபராதம் கிடையாது.

கிரான் அப்பா பெயரில் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் 116ஆம் பிரிவு: வீட்டுக்காரர் என்று ஒருவரை ஏற்றுக்கொண்டு குடியேறிய வாடகைக்காரர், குடியேறிய காலத்தில் அவருக்கு உரிமையே இல்லை என்று பிறகு சொல்ல முடியாது. அம்மா கையெழுத்தில் சாவி வாங்கினார், அம்மாவிடம் வாடகை கட்டினார். ஆகவே அம்மா பெயரில் வழக்குப் போடலாம். ஆனாலும் கிரானை இப்படியே விடாதீர்கள். சொத்து மொத்தம் 5 மில்லியன் வெள்ளிக்குள் என்றால், உயில் இல்லாத நிலையில் நில அலுவலகத்தில் சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவில் பாரம் ஏ கொடுத்து நடத்தலாம். இந்துக் குடும்பத்தில் உயில் இல்லை, தாத்தா பாட்டியும் இல்லை என்றால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு.

இதில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. அண்ணன், தங்கை எல்லாருக்கும் பங்கு உண்டு என்பதால், வாடகைக்காரர் உங்களை விட்டுவிட்டு இளகிய மனசுள்ள ஒருவரைப் பிடிப்பார். அவர் கையில் 300 கொடுத்து "இன்னும் இரண்டு மாசம்" என்று தலையாட்ட வைத்துவிட்டால் உங்கள் நோட்டீஸ் ஆட்டம் கண்டுவிடும். பணம் வாங்குவதும் பதில் சொல்வதும் ஒரே ஆள் என்று வீட்டில் முடிவு செய்யுங்கள்.

கோர்ட்டில் அம்மாவுக்காக நீங்கள் வாதாட முடியாது. வழக்காளி தானே பேசலாம், இல்லையென்றால் லாயர் பேச வேண்டும். பவர் ஆஃப் அட்டர்னி இருந்தாலும் அது பத்திரங்களுக்கு உதவுமே தவிர, நீதிமன்றத்தில் எழுந்து பேசும் உரிமையைத் தராது.

---

தாமான்வாசி
11 செப்டம்பர் 2025

மிக்க நன்றி அக்கா, அண்ணே. இரண்டு சந்தேகம். நோட்டீஸ் முடிந்த பிறகு அவர் அம்மா கணக்கில் திடீரென்று 600 போட்டுவிட்டால் என்ன செய்வது? திருப்பி அனுப்ப வேண்டுமா? இன்னொன்று, பெய்லிஃப் (நீதிமன்ற அமீனா) வந்து சாமானைச் சீல் வைத்து ஏலம் விடுவார்கள், அதுதான் சீக்கிரம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

---

கோப்புக்கட்டு
11 செப்டம்பர் 2025

நல்ல கேள்வி, தம்பி. நோட்டீஸ் எழுதும்போது கவனமாக இருப்பவர்களும் இந்தப் பண விஷயத்தில்தான் சறுக்குகிறார்கள்.

நவம்பர் 3ஆம் தேதி 600 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேசாமல் இருந்தால், அல்லது வழக்கமான ரசீதுப் புத்தகத்தில் "நவம்பர் மாத வாடகை" என்று எழுதிக் கொடுத்தால், பழைய நோட்டீசை விட்டுவிட்டுப் புது மாத வாடகையை ஏற்றுக்கொண்டீர்கள் என்று அவர் வாதிடுவார். அந்த வாதம் எடுபடக்கூடியது. திருப்பி அனுப்பத் தேவையில்லை. அன்றோ மறுநாளோ எழுத்தில் பதில் அனுப்புங்கள்: இந்தத் தொகை வாடகையாக ஏற்கப்படவில்லை, அக்டோபர் 31க்குப் பிறகு வீட்டில் இருந்ததற்கான ஈடாக மட்டும், எங்கள் நோட்டீசுக்கும் உரிமைக்கும் பாதகமில்லாமல் பெறப்பட்டது. வாட்சாப்பிலும் அனுப்புங்கள், ஏஆர் தபாலிலும் அனுப்புங்கள். ரசீது கேட்டால் அதே வாசகத்தோடு கொடுங்கள்.

அக்டோபர் 31க்கு முன் வருவதை அதுவரை உள்ள பாக்கிக்கு என்று பெற்றுக்கொள்ளலாம், தடையில்லை. எந்த மாதத்துப் பாக்கி என்று எழுதிக் கொடுங்கள்.

டெப்பாசிட்டில் கழிக்கச் சொல்வதற்கு இப்போது ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆள் உள்ளே இருக்கும்போது கழித்துவிட்டால், சுவர், கிரில், பைப், மீட்டர் பாக்கி எல்லாவற்றுக்கும் பிடிமானம் போய்விடும். காலி செய்து வீட்டைச் சுற்றிப் பார்த்த பிறகு கணக்கு முடித்தால் போதும்.

பக்கத்து வீட்டில் சொன்னது 1951ஆம் ஆண்டு டிஸ்ட்ரஸ் சட்டம், வாடகைப் பாக்கிக்குச் சாமானைப் பறிமுதல் செய்வது. நடைமுறையில் உள்ள சட்டம்தான். எதிர்த்தரப்பு இல்லாமலே நீதிமன்றத்தில் விண்ணப்பித்து வாரண்ட் வாங்கலாம், மனுவுக்கு முந்தைய 12 மாத வாடகை வரைக்கும் கேட்கலாம். ஆனால் அது வாடகைப் பணத்தை வசூலிக்கும் வழி, வீட்டைத் திரும்ப வாங்கித் தராது. கரண்டு பாக்கியை அதில் கேட்க முடியாது. உடுத்தும் துணி, படுக்கை போன்றவற்றைத் தொட முடியாது. பழைய ஃபிரிட்ஜும் சோபாவும் ஏலத்தில் என்ன விலைக்குப் போகும் என்று பார்த்தால், பெய்லிஃப் செலவுக்கே சரியாக இருக்கும். இன்னொரு சிக்கல், வாடகை உறவு உயிரோடு இருக்கிறது என்பதுதான் அந்த நடவடிக்கையின் அடிப்படை. ஒரு கையில் உறவு முடிந்தது என்ற நோட்டீஸ், இன்னொரு கையில் டிஸ்ட்ரஸ் வாரண்ட் என்று போனால் ஒன்றை ஒன்று வெட்டும். 600 வெள்ளி வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கடைக்குள் நல்ல சரக்கு வைத்திருக்கும் கடைக்காரர் என்றால் பேச்சு வேறு.

நவம்பர் 1ஆம் தேதியும் காலி செய்யாவிட்டால் வழக்கு. வீட்டுக்காரர், வாடகைக்காரர் வழக்குகளில் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குத் தொகை வரம்பு கிடையாது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு வரம்பு 100,000 வெள்ளி. எதில் பதிவது என்பதை லாயர் பார்த்துக்கொள்வார். வீட்டைத் திரும்ப ஒப்படைக்கும் உத்தரவு, பாக்கி, இரட்டை வாடகை, கரண்டுத் தொகை எல்லாவற்றையும் ஒரே வழக்கில் கேட்க வேண்டும். 2012 நீதிமன்ற விதிகளின் 89ஆம் கட்டளையில் ஒரு குறுக்கு வழி உண்டு, அதைக் கேள்விப்பட்டவர்கள் "ஸ்குவாட்டர் (அனுமதியில்லாமல் புகுந்தவர்) மாதிரி தூக்கிவிடலாம்" என்பார்கள். அந்தக் கட்டளையின் முதல் விதியே, வாடகை முடிந்தபின் தங்கியிருக்கும் வாடகைக்காரருக்கு இது பொருந்தாது என்று விலக்கி வைத்திருக்கிறது. அதில் போனால் மனு தள்ளுபடியாகி நேரமும் செலவும் வீண். ரிட் சம்மன், அதாவது வழக்கமான சிவில் வழக்குதான் வழி.

சம்மன் நேரிலோ ஏஆர் தபாலிலோ சேர்க்கப்பட வேண்டும். சேர்ந்து 14 நாளுக்குள் அவர் ஆஜராகும் குறிப்புப் பதிவு செய்யாவிட்டால், வராத தரப்புக்கு எதிரான தீர்ப்பு வாங்கலாம். வந்து வெறும் சாக்குச் சொன்னால், 14ஆம் கட்டளையின் கீழ் முழு விசாரணை இல்லாமலே தீர்ப்புக் கேட்கலாம். இங்கேதான் உங்கள் கோப்பு சுத்தமாக இருப்பது பலன் தரும். முத்திரையிட்ட ஒப்பந்தம், தேதி சரியான நோட்டீஸ், ஏஆர் அட்டை, பணத்துக்கு எழுதிய பதில். இவை இருந்தால் அவருக்குச் சொல்ல அதிகம் இருக்காது.

தீர்ப்பு வந்த மறுநாளே போய்ப் பூட்டை உடைக்கலாமா என்றால், அப்போதும் கூடாது. ரிட் ஆஃப் பொசெஷன், அதாவது வீட்டை மீட்டு ஒப்படைக்கும் ஆணை, எடுக்க நீதிமன்ற அனுமதி வேண்டும், அது 45ஆம் கட்டளை. பிறகு பெய்லிஃப் வந்து ஒப்படைக்கும்போதுதான் வீடு உங்கள் கைக்கு வரும். பூட்டுக்காரரையும் புதுப் பூட்டையும் அன்றைக்கு அழைத்துப் போங்கள்.

---

வெளிக்காட்டுக்காரன்
12 செப்டம்பர் 2025

அந்த நான்கு வெளிநாட்டுத் தொழிலாளர் விஷயத்தை யாரும் தொடவில்லை. தோட்டத்தை ஒட்டிய பட்டணங்களில் இது அடிக்கடி நடக்கிறது: ஒருவர் குடும்பத்துக்கென்று வீடு எடுப்பார், பிறகு ஓர் அறையை காண்ட்ராக்டருக்கு விடுவார்.

முதலில் அவர்களுக்கு முறையான பாஸ் (தங்கி வேலை செய்யும் அனுமதி) இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால் அவர்கள் தங்குவது குற்றமில்லை, உள்வாடகை கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தால் ஒப்பந்த மீறல் மட்டும்தான். பாஸ் இல்லை என்றால் குடிநுழைவுச் சட்டத்தின் 55இ பிரிவு வருகிறது. சட்டவிரோதமாக நாட்டில் இருப்பவரைத் தன் இடத்தில் தங்கவிட்டவருக்கு ஒவ்வொரு ஆளுக்கும் 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வீட்டு உரிமையாளர் பக்கமும் கேள்வி திரும்பும். ஆகவே தெரிந்த அன்றே எழுத்தில் ஆட்சேபித்து வையுங்கள்: எங்கள் அனுமதி இல்லாமல் நான்கு பேர் தங்கியிருப்பதாக அறிகிறோம், அவர்கள் யார், யாரிடம் வேலை, பாஸ் நகல் எங்கே. முதலாளிதான் தங்க வைத்திருக்கிறார் என்றால், தொழிலாளர் தங்குமிடங்களுக்கான 446ஆம் சட்டப்படி அந்த இடத்துக்குத் தொழிலாளர் துறையின் தங்குமிடச் சான்றிதழ் அவர் எடுத்திருக்க வேண்டும். காண்ட்ராக்டரிடம் அதைக் கேட்டாலே பல இடங்களில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஒன்று மட்டும் மனசார சொல்கிறேன். வாடகைக்காரர் மேல் உள்ள கோபத்துக்கு அந்த நான்கு பேரைப் பிடித்துக் கொடுப்பதை ஆயுதமாக எடுக்காதீர்கள். அவர்கள் வாடகையைக் காண்ட்ராக்டரிடம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டே இருக்கலாம், உங்கள் ஒப்பந்தம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

சட்டத்திலும் அவர்களை மறக்கக் கூடாது. ரிட் ஆஃப் பொசெஷனுக்கு அனுமதி கேட்கும்போது, வீட்டில் உண்மையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் வழக்கைப் பற்றித் தெரிவிக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்க்கும். நோட்டீசின் தலைப்பிலேயே வாடகைக்காரர் பெயரோடு "மற்றும் அங்கே குடியிருக்கும் மற்றவர்கள்" என்று சேர்த்து, கிரிலில் ஒட்டுங்கள்.

---

பால்வாளி
12 செப்டம்பர் 2025

இதைப் படித்துக்கொண்டு வரும்போது ஒரு கேள்வி. தோட்டத்து லயத்து வீட்டுக்கும் (தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுக்கும் வரிசை வீடு) இதே சட்டம்தானா? வேலை ஓய்வு பெற்றவர்களைக் காலி செய்யச் சொல்லித் தோட்டத்தில் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். இன்னொருவர், அவருடைய இரண்டாண்டு ஒப்பந்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு மாத நோட்டீஸ் போதுமா என்று கேட்கச் சொன்னார்.

---

கோப்புக்கட்டு
12 செப்டம்பர் 2025

லயத்து வீடு வேறு வகை. அது வேலையோடு வந்தது, வாடகை ஒப்பந்தம் இல்லை. சட்டத்தில் அனுமதியின் பேரில் இருப்பவர் என்பார்கள். வேலை முடிந்தால் அனுமதியும் முடிகிறது என்பது தோட்ட நிர்வாகத்தின் வாதம், அங்கே 89ஆம் கட்டளையின் கீழ் மனு வருவதும் உண்டு. ஆனால் 1991இல் போஹாரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அனுமதி இல்லாமல் புகுந்த ஸ்குவாட்டரையும் அனுமதியோடு குடியேறியவரையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்று பிரித்துக் காட்டியது. ஆகவே அந்தப் பெரியவர்களுக்கு நீதிமன்றக் காகிதம் வந்தால் அதை மடித்து வைக்காமல், எந்த ஆண்டு யார் வீடு கொடுத்தார்கள், மாற்று வீடு பற்றி நிர்வாகம் என்ன சொன்னது என்ற ஆதாரங்களோடு உடனே லாயரைப் பார்க்க வேண்டும். பழைய சம்பளச் சீட்டும் இதில் ஆதாரம். அதற்குத் தனி இழை திறங்கள், அது இங்கே அடங்காது.

ஓடிக்கொண்டிருக்கும் இரண்டாண்டு ஒப்பந்தத்தை ஒரு மாத நோட்டீசில் முடிக்க முடியாது. இடையில் முடிக்கலாம் என்ற விதி ஒப்பந்தத்தில் இருந்தால் அதன்படி முடிக்கலாம். இல்லையென்றால் மீறல் வேண்டும். தேசிய நிலச் சட்டம் 235ஆம் பிரிவு: என்ன மீறல் என்று குறிப்பிட வேண்டும், சரிசெய்யக்கூடியது என்றால் சரிசெய்யச் சொல்ல வேண்டும், நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். அதற்குள் அவர் பாக்கியைக் கட்டிவிட்டால் ஒப்பந்தம் தொடர்கிறது. வீட்டை விற்கப் போகிறோம், மகனுக்கு வேண்டும் என்பவை நமக்குக் காரணம், ஒப்பந்தத்தில் எழுதாதவரை அவை அவரைக் கட்டுப்படுத்தாது.

பழைய பட்டணத்துக் கடைவீடுகளில் இருப்பவர்கள், 1948க்கு முந்தைய கட்டடம், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காக்கும் என்று இன்னும் நம்புகிறார்கள். அந்தச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, அதற்கான மாறுதல் காலமும் 1999 டிசம்பரோடு முடிந்துவிட்டது.

---

பேராக்_அக்கா
13 செப்டம்பர் 2025

தம்பி, கோர்ட் வழியைத் தயாராக வைத்துக்கொண்டே, பேசி முடிக்கும் வழியையும் திறந்து வையுங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்டோபர் 31இல் போய்விட்டால் பாக்கி ஐந்து மாதம் 3,000, கரண்டு 740, மொத்தம் 3,740. டெப்பாசிட் 1,500 கழித்தால் 2,240. இந்தத் தொகைக்கு அம்மாவே லாயர் இல்லாமல் சிறு வழக்குப் போடலாம். 2012 விதிகளில் 93ஆம் கட்டளை, வரம்பு 5,000 வெள்ளி, பாரம் 198ஐ நிரப்பி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கொடுப்பது. அங்கே இரு தரப்பிலும் லாயருக்கு இடமில்லை. ஆனால் பணம் மட்டும்தான் கேட்கலாம், ஆளை வெளியேற்றும் உத்தரவு கிடைக்காது. டிசம்பர் வரை இழுத்தால் இரட்டை வாடகை 2,400 சேர்ந்து மொத்தம் 6,140 ஆகிறது, ஆளும் உள்ளே. ஆகவே அக்டோபருக்குள் சாவி வருவதற்காக ஒரு மாத வாடகையை விட்டுக்கொடுத்தாலும் நஷ்டமில்லை என்பது என் எண்ணம். வாடகைப் பாக்கிக்கு வழக்குப் போட ஆறு ஆண்டு அவகாசம் உண்டு, வீட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அப்படிப் பேசி முடித்தால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். ஒரு பக்கக் காகிதம் போதும். இன்ன தேதி இன்ன நேரத்தில் வீட்டை ஒப்படைத்தேன், வாடகை உறவு முடிந்தது, உள்ளே விட்டுப்போன சாமானுக்கு உரிமை கோரமாட்டேன், மீதி பாக்கி இவ்வளவு, மாதம் இவ்வளவு வீதம் கட்டுகிறேன். மீட்டரை இருவரும் பார்த்து, கரண்டு எத்தனை கிலோவாட் மணி, தண்ணீர் எத்தனை கன மீட்டர் என்று எழுதி, எண் தெரியப் படம் எடுங்கள். முன்கதவு, கிரில், பின்கதவு, கேட் பூட்டு, தபால்பெட்டி என்று சாவிகளைப் பெயர் சொல்லி எண்ணி வாங்குங்கள். நான்கு பேர் தங்கிய வீடு, சாவி நகல் எத்தனை இருக்கிறதோ தெரியாது, அன்றைக்கே பூட்டு உருளைகளை மாற்றிவிடுங்கள். அன்றைக்கு மாற்றலாம்.

ஒருவேளை சொல்லாமல் கொள்ளாமல் இரவோடு இரவாகப் போய்விட்டால் அவசரப்பட்டு உள்ளே நுழையாதீர்கள். உண்மையிலேயே விட்டுப் போனவர் என்றால் 7ஆம் பிரிவு தடையில்லை, ஆனால் விட்டுத்தான் போனார் என்பதை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. கிரிலில் நோட்டீஸ் ஒட்டிச் சில நாள் பாருங்கள், அக்கம்பக்கத்தாரிடம் விசாரியுங்கள், வாட்சாப்பில் கேளுங்கள், மீட்டர் ஓடுகிறதா பாருங்கள். "ஆமாம், போய்விட்டோம்" என்று ஒரு வரி பதில் வந்தால் அதுவே பெரிய ஆதாரம். போலீஸ் ரிப்போர்ட் செய்துவிட்டு, சாட்சி வைத்து, வாசலிலிருந்தே வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். கட்டில், அலமாரி, துணிமணி நிறைய இருந்தால் வெளியே போடாதீர்கள், அதற்கு நீதிமன்ற உத்தரவு வாங்குவதுதான் பாதுகாப்பு.

---

தாமான்வாசி
13 செப்டம்பர் 2025

ரொம்ப நன்றி. பழைய ஒப்பந்தத்தை இப்போது எடுத்துப் பார்த்தேன், ஒரு மாத நோட்டீஸ் என்றுதான் இருக்கிறது, உள்வாடகை கூடாது என்றும் இருக்கிறது. திங்கட்கிழமை ஸ்டாம்பிங், இரண்டு கடிதமும் அம்மா கையெழுத்தில் புதன்கிழமைக்குள். அடுத்த குடித்தனத்துக்கு ஒப்பந்தத்தில் என்ன சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

---

வெளிக்காட்டுக்காரன்
13 செப்டம்பர் 2025

கரண்டுக் கணக்கை முதல் நாளே குடிவருபவர் பெயருக்கு மாற்றுங்கள். மைடிஎன்பி செயலியிலேயே மனுக் கொடுக்கலாம், அப்போது பாக்கி வந்தாலும் உங்கள் தலையில் விழாது. நோட்டீஸ் இந்த வாட்சாப் எண்ணுக்கும் இந்த முகவரிக்கும் அனுப்பினால் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி. தங்குபவர்கள் பெயரும் ஐசி அல்லது பாஸ்போர்ட் எண்ணும் இணைப்பில். காலம் முடிந்தபின் தங்கினால் இரட்டை வாடகை என்றும் எழுதிவிடுங்கள். மூன்று ஆண்டுக்கு மேல் கொடுக்காதீர்கள், அதற்கு மேல் போனால் அது லீஸ், நில அலுவலகத்தில் பதிய வேண்டும். முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்கிறீர்களா இல்லையா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். புதுப்பித்தால் அந்தக் காகிதத்துக்கும் ஸ்டாம்பிங் தனி.